டேப் விசை: பேஷா, ஃபிஷா?

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் திரையில், நாள் முழுக்க இருப்பவருக்கு, பாதி தட்டியதை நிரப்பித் தரும் டேப் விசைதான் வலது கை. அந்தக் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்தான் ஷெல்; அது டேப்பை எப்படி மதிக்கிறது என்பதை வைத்தே ஷெல்லைத் தேர்ந்தெடுப்பேன்.

1989-இல் வந்த பேஷ் என்ற ஷெல் நிதானமான ஆள். 'அறிக்கை-மே', 'அறிக்கை-ஜூன்' என இரண்டு கோப்புகள் இருக்கின்றன. 'அறி' என்று தட்டி டேப் அழுத்தினால் 'அறிக்கை-' வரை நிரப்பிவிட்டு நின்றுவிடும். மறுபடி அழுத்தினால்தான் இரண்டையும் காட்டும். கட்டளைகளின் ஆப்ஷன்களும் (கட்டளை எப்படி இயங்க வேண்டும் என்று கூடவே தட்டும் குறிப்புகள்) சரியாக நிரம்ப, பேஷ்-கம்ப்ளீஷன் என்ற தனித் தொகுப்பு வேண்டும்.

2005-இல் வந்த ஃபிஷ் என்ற ஷெல் டேப் வரைக்கும் காத்திருப்பதில்லை. தட்டும்போதே, முன்பு அடித்த கட்டளை சாம்பல் நிறத்தில் முன்னால் நீளும். வலது அம்புக்குறியை அழுத்தினால் உங்களுடையது. டேப் அழுத்தினால் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் வரும். அதை மேன் பக்கங்களிலிருந்தும் (கட்டளைகளின் கையேட்டுப் பக்கங்கள்) திரட்டிக்கொள்ளும். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் 'டார்' கட்டளையின் ஆப்ஷன்கள் மனதில் நிற்காத எனக்கு அது பெரிய உதவி.

ஆனால் ஒன்று: ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய பேஷுக்கு எழுதிய ஃபார் லூப்பை ஃபிஷில் அப்படியே ஒட்டினால் ஓடாது, இலக்கணமே வேறு. அப்புறம், கோப்பை அழிக்கும் கட்டளை சாம்பல் நிறத்தில் வரும்போது முழுவதும் படித்துவிட்டு அம்புக்குறியைத் தொடுங்கள். என் மடிக்கணினியில் ஃபிஷ், சர்வரில் பேஷ்.