செத்த வன்தட்டுக்கு மாற்று: வன்னியில் இருந்து பார்த்தால் எது மேல்?

ஒரே தரவை இரண்டு வன்தட்டுகளில் இரட்டிப்பாக வைத்திருக்கும் வீட்டுச் சேமிப்புக் கணினியில் ஒரு வன்தட்டு பழுதானால் என்ன செய்வது என்று தேடுபவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: சேமிப்பகங்களுக்கென்றே செய்யப்பட்ட வன்தட்டை வாங்குங்கள், மாட்டுங்கள், எஞ்சியதிலிருந்து தரவு புதியதில் மறுபடி எழுதப்படும் மீளமைப்பு முடியும்வரை பொறுத்திருங்கள். அதில் பிழையில்லை. ஆனால் அதை எழுதியவரின் ஊரில் இன்று கேட்ட பொருள் நாளை வாசலுக்கு வந்துவிடும், மின்சாரமும் நிற்காது. முழங்காவிலிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவருக்கு இவை இரண்டுமே நிச்சயமில்லை. அதனால் எதை எதற்கு மேலே வைப்பது என்ற வரிசை இங்கே மாறுகிறது. தரப்பட்டியலில் முதலிடம் பெற்ற வன்தட்டைவிட, பழுது தெரிந்த நேரத்துக்கும் மீளமைப்பு முடியும் நேரத்துக்கும் இடைப்பட்ட காலத்தைக் குறைக்கும் வன்தட்டே நமக்கு மேல் என்பது என் கட்சி.

அந்த இடைக்காலத்தில் எஞ்சியிருப்பது ஒரேயொரு பிரதி. இங்கே அந்தப் பெட்டிகளுக்குள் இருப்பவை வெறும் திரைப்படங்கள் அல்ல. 2009 வரையான போரின் இடப்பெயர்வுகளில் கலியாண அல்பங்களையும் காணி உறுதிகளையும் தொலைத்த குடும்பங்கள், ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள உறவினரிடம் எஞ்சியிருந்தவற்றை வாங்கி, ஸ்கேன் செய்து சேர்த்து வைத்தவை. ஒருமுறை இழந்ததை இரண்டாம் முறையும் இழப்பதற்கு யாருக்கும் மனம் வராது.

கம்பியா, வன்தட்டா?

கடைக்குப் போவதற்கு முன் தீர்க்க வேண்டிய வழக்கு இது. வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் நான்கு வரிகளைப் பார்த்தால் பாதி விடை வந்துவிடும். 5ஆம் வரி, பழுதாகி வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பிரிவுகளின் (தரவு எழுதப்படும் சிறு கூறுகளின்) எண்ணிக்கை. 197, வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பிரிவுகள். 198, திருத்தவே முடியாதவை. 199 இவற்றிலிருந்து வேறுபட்டது: வன்தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே போகும் வழியில் சிதைந்த தரவுகளை அது எண்ணுகிறது. முதல் மூன்றும் பூச்சியமாக இருந்து 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால், குற்றவாளி பெரும்பாலும் அவ்விரண்டையும் இணைக்கும் சாட்டா கம்பிதான். 197 நாளுக்கு நாள் ஏறினால் மேலே பேச ஒன்றுமில்லை; அந்த வன்தட்டை மாற்றத்தான் வேண்டும்.

199ஆம் வரியின் எண் ஒருபோதும் இறங்காது. ஆகவே இன்றைய எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்து, கம்பியை மாற்றி, சில நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அங்கேயே நின்றிருந்தால் வழக்கு முடிந்தது.

கம்பியைக் கழற்றும்போது அதன் முனையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பிளாஸ்டிக் உதட்டுக்குள் ஏழு மெல்லிய தகடுகள் இருக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வீதித் தூசி அந்த இடுக்குக்குள்ளும் படிந்திருக்கும். மாரி முடிந்தபின் பார்த்தால் தகடு மங்கியிருக்கும். பூட்டும் கிளிப் இல்லாத மலிவுக் கம்பி, மேசையை யாராவது இடித்தாலே சற்று நழுவிவிடும். இவ்வளவு சின்னக் காரணத்துக்காக நல்ல வன்தட்டுகள் குப்பைக்குப் போகின்றன.

மின்வழங்கியையும் சந்தேகப்பட வேண்டும். வன்தட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கும்போது களைத்துப்போன மின்வழங்கியின் 12 வோல்ட் தாழ்ந்துவிடும். வன்தட்டு நின்று, மறுபடி தொடங்கி, 'டிக் டிக்' என்று ஒலிக்கும். அதை வன்தட்டின் வாசிக்கும் தலை உடைந்த ஒலியென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறொரு கணினியில், வேறொரு மின்வழங்கியில் மாட்டியும் அதே ஒலி வந்தால் நம்பலாம். மறுபுறம், சுத்தமான அறிக்கை ஆயுள் உத்தரவாதமும் அல்ல. ஆயிரக்கணக்கான வன்தட்டுகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் பதிவுகளை அலசி 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, செத்தவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, தாங்கள் கவனித்துவந்த ஸ்மார்ட் வரிகள் எதிலும் முன்னறிகுறி காட்டாமலே செத்திருக்கிறது.

கழற்றும் முன் இன்னொன்று: வன்தட்டை அதன் தொடர் எண்ணால் அடையாளம் காணுங்கள். லினக்ஸ் இயங்குதளம் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் மறுதொடக்கத்தில் இடம் மாறக்கூடும். செத்ததை விட்டு நல்லதை உருவிவிட்டால் ஒரே பிரதியும் கையோடு வந்துவிடும்.

நான்கு வேட்பாளர்கள்

முதலாவது, சேமிப்பகத்துக்கான புது வன்தட்டு: சீகேட்டின் அயர்ன்வுல்ஃப், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் பிளஸ் போன்றவை. இரண்டுக்கும் தயாரிப்பாளர் தருவது 3 ஆண்டு உத்தரவாதம். ஒரு பிரிவை வாசிக்க முடியாவிட்டால் இவை ஏறத்தாழ 7 நொடிகளில் கையை விரித்துவிடும். மற்ற வன்தட்டிலிருந்து அந்தத் தரவை எடுத்துக்கொள்ள மேலாளும் மென்பொருளுக்கு வழி கிடைக்கும். மேசைக் கணினி வன்தட்டோ ஒரு நிமிடத்துக்கு மேலும் முட்டி மோதிக்கொண்டிருக்கும். லினக்ஸ் வழக்கமாகப் பொறுப்பது 30 நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் வன்தட்டைத் தட்டியெழுப்பப் பார்க்கும், சரிவராவிட்டால் வன்தட்டுக் குழுவிலிருந்தே தள்ளிவிடும். ஆகவே தரத்தில் முதல் வேட்பாளருக்குப் போட்டியில்லை. குறை தூரம்தான். 4 டெராபைட்டுக்கு மேற்பட்டவற்றுக்குக் கிளிநொச்சிக் கடைகள் பெரும்பாலும் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவதாகச் சொல்லும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் யாரையாவது வாங்கச் சொன்னால் பஸ்ஸில் பார்சலாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் குலுங்கி வரும். பத்திரிகைத் தாளில் சுற்றிய வன்தட்டை நான் வாங்க மாட்டேன். பஞ்சு வைத்த பெட்டியில் அனுப்பச் சொல்லிக் கறாராகக் கேளுங்கள்.

இரண்டாவது, மலிவான மேசைக் கணினி வன்தட்டு. எந்தக் கடையிலும் உண்டு, விலையும் குறைவு. ஆனால் 2 முதல் 8 டெராபைட் வரையான இந்த வகையில் பல, எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதுபோல் இவற்றில் தரவுத் தடங்கள் ஒன்றின் விளிம்பில் ஒன்று படுத்திருக்கும். கீழுள்ள ஒன்றை மாற்ற வேண்டுமானால் மேலுள்ளவற்றையும் எடுத்து மறுபடி வைக்க வேண்டும். அன்றாடம் சில கோப்புகளைச் சேமிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. மீளமைப்பில் பல மணி நேரம் இடைவிடாமல் எழுத நேரும்போதுதான் சாயம் வெளுக்கும்.

2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையிலேயே இந்த முறையைச் சொல்லாமல் கலந்திருந்தது வெளிவந்து பெரிய சர்ச்சையானது. ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வந்தது அதற்குப் பிறகுதான். அந்த ஆண்டு ஒரு தொழில்நுட்பத் தளம் நடத்திய சோதனையில், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வழமையான சிஎம்ஆர் வன்தட்டுகள் ஒரு நாளுக்குள் முடித்த இசட்எஃப்எஸ் (சேமிப்பை மேலாளும் மென்பொருள்களில் ஒன்று) மீளமைப்பை எஸ்எம்ஆர் வன்தட்டு முடிக்க ஒன்பது நாளுக்கு மேல் எடுத்தது. முல்லைத்தீவில் ஒன்பது நாள் மின்சாரம் இமைக்காமல் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறவர் இதை வாங்கட்டும். எனக்கு இலவசமாகத் தந்தாலும் மேலதிகக் காப்புப் பிரதி வைப்பதற்கு மட்டுமே பயன்படுத்துவேன்.

மூன்றாவது, தரவு மையங்களிலிருந்து கழித்த, பாவித்த வன்தட்டு. பெரிய கொள்ளளவு, குறைந்த விலை, உறுதியான கட்டுமானம். ஆசை வரும், தெரியும். பெட்டியைப் பிரித்ததும் ஓடிய மணித்தியாலங்களைப் பாருங்கள்: ஐந்து ஆண்டு ஓய்வின்றி ஓடினால் 43,800. அந்த எண்ணையும் அழித்துவிடுகிறார்கள் என்பது 2025 தொடக்கத்தில் தெரியவந்தது. பாவித்த சீகேட் வன்தட்டுகள் புதியவையாக ஐரோப்பாவில் விற்கப்பட்டிருந்தன. ஸ்மார்ட் அறிக்கை பூச்சியம் காட்டியபோதும் ஃபார்ம் என்ற உள்பதிவு உண்மையான மணிக்கணக்கைச் சொல்லிவிட்டது. சீகேட் என்றால் அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. பெரிய சேவையகங்களுக்கான சாஸ் என்ற வேறு இணைப்பு வகையைத் தெரியாமல் வாங்கிவிட்டால் சாட்டா இணைப்பில் ஏறாது. சாட்டா வகையிலும் சில, மின் இணைப்பின் மூன்றாவது ஊசியில் 3.3 வோல்ட் வந்தால் எழும்பவே மாட்டா. வன்தட்டு செத்துப் பிறந்ததுபோலத் தோன்றும், உண்மையில் அந்த ஊசியை மறைத்தால் போதும். இத்தனை புதிரோடு சத்தமும் சூடும். உத்தரவாதத்துக்குத் திருப்பி அனுப்ப நினைத்தால் விற்றவர் எந்தத் தேசத்தில் இருக்கிறாரோ?

நான்காவதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை: சிசிரிவி கமராவுக்கான வன்தட்டு. வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக். கடைத் தெருவெங்கும் கமரா பூட்டுகிறவர்கள் இருப்பதால் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இவை கையிருப்பில் இருப்பது வழமை. "அண்ணை, இது கமராப் பெட்டிக்குரியது, உங்கள் வேலைக்குச் சரிவராது" என்று கடைத் தம்பி தடுப்பார். அவர் சொல்வதற்கு ஓர் அடிப்படை உண்டு: காணொளிப் பதிவில் ஒரு கட்டம் சிதைந்தாலும் நிற்காமல் போய்க்கொண்டிருக்க இவற்றில் தனிக் கட்டளைகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டளைகளைக் கேட்பது கமராப் பெட்டி மட்டுமே. சேமிப்புக் கணினி சாதாரணக் கட்டளையில் கேட்டால் இவையும் மற்றவைபோலவே பிழையைச் சரிசெய்து பதில் தரும். நாள் முழுவதும் ஓடுவதற்கென்றே செய்தவை, சூடு குறைவு, 3 ஆண்டு உத்தரவாதம். மாதிரி எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் சரிபார்த்து சிஎம்ஆர் என்று உறுதியானால் போதும். சிறு கோப்புகளை அங்குமிங்கும் தேடுவதில் வேகம் சற்றுக் குறையலாம். குடும்பப் படங்களுக்கு அது ஒரு பொருட்டல்ல.

ஆகவே என் தேர்வு: முன்கூட்டியே வாங்கி அலுமாரியில் வைக்கும் உதிரிக்கு முதலாவது, உதிரி இல்லாமல் அகப்பட்டுக்கொண்டவருக்கு நான்காவது, அதுவும் அன்றைக்கே. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வாங்கலாமே என்பவருக்கு, 4 டெராபைட்டின் விலையைக் கேட்டுவிட்டு வரட்டும் என்பதே பதில். எதை வாங்கினாலும் பழையதைவிடக் கொள்ளளவு ஒரு துளி குறைந்தாலும் குழு ஏற்காது; ஒரு படி பெரிதாக வாங்குவது பாதுகாப்பு.

உடனே மாட்டுவதா, முதலில் நகலெடுப்பதா?

வேறெங்கும் பிரதி இருந்தால் உடனே மாட்டுங்கள். இல்லையென்றால் எஞ்சிய வன்தட்டிலிருந்து முக்கியமானவற்றை வெளியே எடுப்பது முதல் வேலை. மீளமைப்பு என்பது எஞ்சியதைத் தலை முதல் கால் வரை வாசிக்கும் வேலை. ஒரே நாளில் வாங்கி, ஒரே வெக்கையில் ஓடிய இரட்டைப்பிறவி அந்த நேரத்தில் விழுவதும் நடக்கிறது. அதிலும் வாசிப்புப் பிழை வரத் தொடங்கியிருந்தால் சாதாரண நகலெடுப்பு வேண்டாம். டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே விட்டது என்பதையும் ஒரு கோப்பில் குறித்துவைக்கும், மின்வெட்டுக்குப் பின் அங்கிருந்தே தொடரலாம்.

ஒரே தரவை இரண்டிலும் வைக்கும் இரண்டு வன்தட்டு மிரர் அமைப்பையும், தரவையும் அதை மீட்கும் கணக்கையும் எல்லாவற்றிலும் பகிர்ந்து வைக்கும் நான்கு வன்தட்டு ரெயிட் 5ஐயும் ஒப்பிட்டால், இடத்தில் பின்னது வெல்லும். மீளமைப்பில் முன்னதுதான். 4 டெராபைட் வன்தட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படியெடுக்க ஏறத்தாழ ஏழரை மணி நேரம். இசட்எஃப்எஸ் என்றால் தரவு உள்ள பகுதியை மட்டும் எடுப்பதால் பாதி நிறைந்த வன்தட்டுக்கு இன்னும் குறையும். ரெயிட் 5இல் எஞ்சிய மூன்றையும், அதாவது 12 டெராபைட்டையும், பிழையின்றி வாசித்தாக வேண்டும். சாதாரண வன்தட்டுகளின் விவரத் தாள் 12.5 டெராபைட் வாசிப்புக்கு ஒரு பிழை வரை வரலாம் என்கிறது. நடைமுறை அவ்வளவு மோசமில்லை. என்றாலும் வெக்கையான அறையில் மூன்றையும் ஒரு பகல் விரட்ட எனக்கு விருப்பமில்லை. வன்தட்டின் சூடு 45 பாகையைத் தாண்டினால் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மின்சாரத்துக்கு யூபிஎஸ் வேண்டும். சோலார் இன்வேர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். மின்கலம் இல்லாத, வலையமைப்போடு இணைந்த சோலார், மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று தொட்டதாகச் சொல்லப்பட்டு நாடே இருண்டதே, அன்று வெயிலுக்குக் குறைவில்லை. மின்வெட்டால் மீளமைப்பு அழிந்துவிடாது. லினக்ஸின் எம்டி ரெயிட்டும் இசட்எஃப்எஸ்ஸும் ஒழுங்காக நிறுத்தப்பட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். சொல்லாமல் நின்று, சொல்லாமல் எழும்பும் அந்த அதிர்ச்சிதான் கிழவன் வன்தட்டைக் கொல்கிறது. அதனால் யூஎஸ்பி கம்பியில் கணினிக்குச் செய்தி சொல்லி, முறையாக நிறுத்தச் செய்யும் யூபிஎஸ் வாங்குங்கள். ஐப்பசி இடியின்போது இணையக் கம்பியையும் சேர்த்துக் கழற்றுங்கள், இடி அந்த வழியாலும் வரும்.

உத்தரவாதத்துக்குப் பழையதை அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்பது கடைசிக் கேள்வி. வன்தட்டு இன்னும் எழுத்தை ஏற்றுக்கொண்டால் முழுவதும் அழித்துவிட்டு அனுப்புங்கள். பதிலுக்கு வருவது திருத்திய வன்தட்டாக இருக்கலாம், உதிரிக்கு அது போதும். எழுத்தை ஏற்காமல் செத்ததென்றால் அழிக்க வழியில்லை; மிரரில் இருந்த வன்தட்டு ஒவ்வொன்றிலும் எல்லாக் கோப்புகளும் முழுமையாக உண்டு. காணி உறுதியும் அடையாள அட்டைப் படமும் உள்ள வன்தட்டைக் கொழும்புக்கு அனுப்ப எனக்குக் கை வராது. அந்தப் பணம் போனால் போகட்டும் என்று மூடியைத் திறந்து, தட்டுகளைக் கழற்றி எடுத்துவிடுவேன்.