இல்லினாய் ஆர்.டி.பி ஹியரிங்குக்கு வைத்த வக்கீல்: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் லைசென்ஸ் பறிபோனவர்களுக்கு, வேலை, மருத்துவர் போன்ற தேவைகளுக்குப் போய்வர மட்டும் இல்லினாய் மாநிலத்தில் ஒரு கட்டுப்பாட்டு பர்மிட் கொடுப்பார்கள். ஆர்.டி.பி என்பார்கள். என் கணவருக்கு அதை வாங்க ஒரு வக்கீலம்மாவை வைத்தோம். அவருடைய சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. கணவரின் சம்மதம் உண்டு. "எழுது, நம்ம ஆளுங்க யாரும் இதைப் பத்தி வெளியே பேசறதே இல்லை" என்று சொன்னவரே அவர்தான்.

முதல் முறை மாட்டியவர்களுக்கு எம்.டி.டி.பி என்று வேறு பர்மிட் இருக்கிறது. குடித்திருக்கிறோமா என்று மூச்சை வைத்துப் பார்க்கும் ஊதும் கருவியைக் காரில் மாட்டிக்கொண்டு எந்த நேரமும் எங்கேயும் ஓட்டலாம். எங்கள் கதை அதைத் தாண்டியது. பல வருடங்களுக்கு முன்பு வந்த முதல் வழக்கு கோர்ட் சூப்பர்விஷனில், அதாவது குற்றம் பதிவாகாமல் கோர்ட் கண்காணிப்போடு, முடிந்தது. டியூஐ என்கிற குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் அந்தச் சலுகை இங்கே வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். இரண்டாவது வழக்கில் குற்றம் பதிவாகி, சஸ்பென்ஷனோடு நிற்காமல் லைசென்ஸே ரத்தாகிவிட்டது. இந்த நிலைக்கு வந்தவர்கள், இங்கே லைசென்ஸ் விஷயங்களைப் பார்க்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் ஃபார்மல் ஹியரிங் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டணம் 50 டாலர், என்ன முடிவு வந்தாலும் திரும்ப வராது. வக்கீலுக்கு 2,500 டாலர், மொத்தமாகப் பேசிய தொகை.

இவ்வளவு பணம் எதற்கு என்று முதலில் எனக்கும் தோன்றியது. வக்கீல் என்றால் எழுந்து நின்று வாதாடுவார், நமக்காகப் பேசுவார் என்று நினைத்திருந்தேன். ஹியரிங் அறையில் அவர் பேசியது மிகக் கொஞ்சம். அவர் சம்பாதித்தது முழுக்க அதற்கு முந்தைய வாரங்களில், ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு.

அந்தப் பென்சில் வேலையை விவரமாகச் சொல்ல வேண்டும். ஹியரிங்குக்கு முன்னால் மாநில உரிமம் பெற்ற மையத்தில் மது மதிப்பீடு எடுத்திருக்க வேண்டும். அதுவும் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அதில் மினிமல், மாடரேட், சிக்னிஃபிகன்ட், ஹை என்று ஏதாவது ஒரு ஆபத்து நிலையில் நம்மை வைப்பார்கள். முன்பே ஒரு வழக்கு இருந்ததால் என் கணவருக்கு சிக்னிஃபிகன்ட். அதற்கு 10 மணி நேர வகுப்பு, குறைந்தது 20 மணி நேர சிகிச்சை. இரண்டையும் முடித்து, சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கி, எல்லாம் தயார் என்ற நினைப்பில்தான் வக்கீலம்மாவிடம் போனோம்.

அவர் மதிப்பீட்டு அறிக்கையைத் திறந்து, கைதான இரவில் என்ன குடித்தார் என்ற பகுதியில் ஒரு வட்டம் போட்டார். "இரண்டு பீர்" என்று இருந்தது. பக்கத்திலேயே போலீஸ் சோதனையில் வந்த ஆல்கஹால் அளவு: 0.17. சட்ட வரம்பு 0.08. "உங்கள் எடை என்ன?" என்று என் கணவரைக் கேட்டார். சொன்னார். "இந்த எடைக்கு இரண்டு பீரில் 0.17 வரவே வராது. ஹியரிங் ஆபீசர் இதைப் படித்ததும் இரண்டில் ஒன்றுதான் நினைப்பார். நீங்கள் பொய் சொல்கிறீர்கள், அல்லது எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை. எப்படிப் பார்த்தாலும் பர்மிட் கிடைக்காது" என்றார். குரலை உயர்த்தவில்லை, திட்டவில்லை. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. (உலகத்தில் போலீசிடம் மாட்டிய அத்தனை பேரும் இரண்டு பீர் மட்டும்தான் குடித்திருப்பார்கள் போல.)

அப்புறம் மதிப்பீட்டு மையத்துக்குத் திரும்ப அனுப்பினார். அங்கே என் கணவர் உண்மையான கணக்கைச் சொல்லி, திருத்திய அறிக்கை வாங்கி வந்தார். ஆபத்து நிலை மாறவில்லை, அதே சிக்னிஃபிகன்ட்தான். ஆனால் போலீஸ் அறிக்கை, மதிப்பீடு, சிகிச்சை மையத்தின் குறிப்பு மூன்றும் இப்போது ஒரே கதையைச் சொல்லின. மனுக்கள் தள்ளுபடியாவதற்கு இந்த முரண்பாடுகள் ஒரு பெரிய காரணம் என்று அவர் சொன்னது, ஹியரிங்கில் கேட்ட கேள்விகளைப் பார்த்தபோது எனக்கு நன்றாகவே புரிந்தது.

அடுத்தது கடிதங்கள். என் கணவர் இப்போது குடிக்கிறாரா, எப்படி இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் எழுதித் தர வேண்டும். நானும் ஒன்று எழுதினேன். நல்ல அப்பா, கடின உழைப்பாளி, வாராவாரம் கோயிலுக்குப் போகிறவர் என்று ஒரு பக்கம். வக்கீலம்மா அதை முழுதாகப் படித்துவிட்டு, பாதிக்கு மேல் அடித்தார். "இதில் மதுவைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே" என்றார். எத்தனை வருடமாகத் தெரியும், வாரத்தில் எத்தனை நாள் பார்க்கிறீர்கள், முன்பு எவ்வளவு குடித்தார், கடைசியாக எப்போது குடித்துப் பார்த்தீர்கள், இப்போது என்ன மாற்றம். அவ்வளவுதான் வேண்டுமாம். கணவர் முன்பு எவ்வளவு குடித்தார் என்று ஒரு அரசாங்க அலுவலகத்துக்கு என் கையாலேயே எழுதிக் கொடுப்பது என்ன மாதிரியான வேலை என்று இதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். மதுரையில் இருக்கும் சித்தப்பா "பையன் தங்கம்" என்று எழுதித் தருகிறேன் என்றார். அவரிடம் அன்பாக வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பக்கத்தில் இருந்து பார்க்காதவர் கடிதத்துக்கு மதிப்பில்லை.

மூன்றாவது, சிரமத்தை நிரூபிப்பது. பர்மிட் இல்லாவிட்டால் வெறும் அசௌகரியம் என்றால் போதாது, பிழைப்பே கெடும் என்று காட்ட வேண்டும். என் கணவர் போலிங்புரூக் பக்கம் ஒரு கிடங்கில் காலை ஷிஃப்ட். நாங்கள் இருப்பது அரோரா. இங்கிருந்து கிளம்பும் மெட்ரா ரயில் சிகாகோ டவுன்டவுனுக்குப் போகும். கிடங்கு வாசலுக்கு அது உதவாது. மனைவி ஏன் கொண்டு போய் விடக்கூடாது, உடன் வேலை செய்பவரோடு ஏன் போகக்கூடாது, டாக்சிக்கு மாதம் எவ்வளவு ஆகும், சம்பளத்தில் அது எத்தனை பங்கு என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பதில் தயார் செய்ய வைத்தார். வேலை செய்யும் நாட்களும் நேரமும் முகவரியும் எழுதி முதலாளியிடம் கடிதம் வாங்கச் சொன்னார்.

கடைசியாக ஒத்திகை. வக்கீலம்மாவே எதிர்த்தரப்பாக உட்கார்ந்து கேள்வி கேட்டார். "இனி குடிக்க மாட்டேன்" என்று என் கணவர் சொன்னதும், "ஏன்? போன வழக்குக்கு அப்புறமும் இதையேதானே சொன்னீர்கள்?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே சுருக்கென்றது. நாங்கள் கொடுத்த பணத்துக்கு மிகச் சரியான வேலை அந்த ஒரு மணி நேரம்தான் என்பேன்.

ஹியரிங் ஜோலியட்டில் நடந்தது. சத்தியப் பிரமாணம், ஒலிப்பதிவு, மேஜைக்கு அந்தப் பக்கம் ஹியரிங் ஆபீசரும் மாநிலத்தின் சார்பில் கேள்வி கேட்பவரும். கோர்ட் மாதிரி கூட்டம் எதுவும் இல்லை. முடிவை அங்கேயே சொல்ல மாட்டார்கள். தபாலில்தான் வரும், 90 நாள் வரை ஆகலாம். எங்களுக்கு வந்தது, கிடைத்துவிட்டது. எந்தெந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எவ்வளவு தூரம், எதற்காக என்று எல்லாம் பர்மிட்டிலேயே இருக்கிறது. வேலை முடிந்து வரும் வழியில் பால் வாங்க வண்டியை நிறுத்தலாமா என்று கேட்டேன். கூடாது.

இப்போது அந்த ஒரு நட்சத்திரம் எங்கே போனது என்று சொல்கிறேன். இரண்டு வழக்கு உள்ளவர்கள், தங்கள் பெயரில் பதிவான எல்லா வண்டிகளிலும் ஊதும் கருவியைப் பொருத்த வேண்டும். எங்கள் இரண்டு கார்களுமே என் கணவர் பெயரில்தான். வக்கீல் அலுவலகம் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பர்மிட் வந்த பிறகு, கருவி பொருத்தும் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. பொருத்துவதற்கு 14 நாள்தான் அவகாசம். இரண்டு கருவிகளுக்கும் மாத வாடகை, கூடவே மாநிலத்துக்குக் கட்டும் கண்காணிப்புக் கட்டணம். விஷயம் தெரிந்திருந்தால் ஹியரிங்குக்கு முன்பே என் காரை என் பெயருக்கு மாற்றுவதைப் பற்றியாவது கேட்டிருப்பேன். இப்போது ஒரு சொட்டுக் கூடத் தொடாத நானும் காலையில் காரைக் கிளப்ப ஊத வேண்டியிருக்கிறது. ஊதும்போது கேமரா படம் எடுக்கிறது. கிளம்பிய சில நிமிடத்தில் மறுபடி ஊது என்று கத்துகிறது. 0.025 காட்டினாலே வண்டி கிளம்பாது. பல் தேய்த்துவிட்டு மவுத்வாஷ் போட்ட வாயோடு ஊதினால் அது போதும். வாயைக் கொப்பளித்துவிட்டுக் காத்திருந்து மறுபடி ஊத வேண்டும். எங்கள் வீட்டில் மவுத்வாஷ் பாட்டில் குப்பைக்குப் போய்விட்டது.

அலுவலக உதவியாளர் போனை எடுக்காததும் ஒரு எரிச்சல். வக்கீலம்மா நல்லவர், ஆனால் அவரைப் பிடிப்பது கஷ்டம். மின்னஞ்சல் போட்டால் பதில் வரும்.

வக்கீல் இல்லாமலும் போகலாம், சட்டம் தடுக்கவில்லை. ஒரே வழக்கு, விபத்தில் யாரும் சாகவில்லை என்றால் இன்ஃபார்மல் ஹியரிங் இருக்கிறது, அதற்கு இவ்வளவு செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன். ஃபார்மல் ஹியரிங் என்றால் மட்டும் முதல் சந்திப்பிலேயே ஒன்று கவனியுங்கள்: அவர் உங்கள் மதிப்பீட்டு அறிக்கையை வாங்கிப் படிக்கிறாரா, இல்லை கட்டணத்தை மட்டும் பேசுகிறாரா. கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றும் கேளுங்கள். மனு தள்ளுபடியானால் அடுத்த ஃபார்மல் ஹியரிங்குக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது ஹியரிங்கும் பேசிய தொகையில் சேர்த்தியா என்று. எங்கள் ஒப்பந்தத்தில் அது தனிக் கட்டணம்.