மனித மேம்பாட்டுத் தரவு மையம்: கணக்கைத் திறந்து வைத்திருக்கும் இலவசச் சேவை

ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித மேம்பாட்டு அறிக்கை அலுவலகம் நடத்தும் தரவு மையத்தைப் பலரும் நாடுகளின் தரவரிசையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அங்கே மதிப்பு குறைந்த பொருள் அந்தத் தரவரிசைதான். பயன்படுத்த வேண்டியவை இரண்டு: 1990 முதலான எல்லா ஆண்டுகளும் அடங்கிய சிஎஸ்வி அட்டவணைக் கோப்பு (தொடர்கோப்பு), அதனுடன் உள்ள தொழில்நுட்பக் குறிப்புகள். இரண்டும் இலவசம். ‘முன்னேற்றம்’ என்று எதைக் கொண்டார்கள் என்பதை நாமே கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம்.

மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென்னின் துணையோடு 1990இல் கொண்டுவந்த மனித மேம்பாட்டுச் சுட்டெண் ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் ஒரே எண்ணாக்குகிறது. அதன் இன்றைய கணக்கு இது. ஆயுளில் 20ஐக் கழித்து 65ஆல் வகுக்க வேண்டும். பள்ளியில் சேரும் குழந்தை எத்தனை ஆண்டு படிக்கும் என்ற எதிர்பார்ப்பை 18ஆலும், பெரியவர்கள் சராசரியாகப் படித்த ஆண்டுகளை 15ஆலும் வகுத்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். தலா வருமானத்துக்கு மட்டும் மடக்கை. எல்லைகள் 100 டாலரும் 75,000 டாலரும்: வருமானத்தின் மடக்கையில் 100இன் மடக்கையைக் கழித்து, இரண்டு எல்லைகளின் மடக்கை வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். கடைசியில் மூன்றையும் பெருக்கிக் கனமூலம் காண வேண்டும்.

ஒரு கற்பனை நாட்டில் ஆயுள் 72, எதிர்பார்ப்பு 13.5 ஆண்டு, சராசரிப் படிப்பு 7.5 ஆண்டு, வருமானம் 9,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல்நலம் 0.800, கல்வி 0.625, வருமானம் 0.680. பெருக்கல் சராசரி 0.698, அதாவது ‘நடுத்தர’ மேம்பாடு. 2010க்கு முன்பு வழக்கில் இருந்த கூட்டுச் சராசரியைப் போட்டால் 0.702, ‘உயர்’ மேம்பாட்டுக்கான 0.700 கோட்டைத் தாண்டிவிடும். அந்த நாட்டு மக்களின் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. கல்வியில் உள்ள பள்ளத்தை ஆயுளைக் கொண்டு முழுதாக நிரப்ப முடியாது என்று ஒருவர் முடிவெடுத்தார், அவ்வளவுதான். மடக்கையும் அப்படியொரு முடிவே: 1,000 டாலர் 2,000 ஆனாலும் 20,000 டாலர் 40,000 ஆனாலும் கிடைக்கும் ஏற்றம் ஒரே 0.105. 75,000க்கு மேல் எவ்வளவு ஈட்டினாலும் மதிப்பெண் கூடாது. ‘போதும்’ என்ற சொல்லுக்கு இங்கே ஓர் எண் இருக்கிறது.

தொழில்நுட்பத்துக்கு இந்தச் சுட்டெண்ணில் இடமே இல்லை, அதுவே சரி. 2001 அறிக்கையில் தொழில்நுட்பச் சாதனைச் சுட்டெண் என்று தனியாக ஒன்றை முயன்றார்கள். காப்புரிமைகள், உயர்தொழில்நுட்ப ஏற்றுமதி, தொலைபேசி, மின்சாரப் பயன்பாடு முதலானவற்றை எண்ணி 72 நாடுகளை வரிசைப்படுத்தியதில் ஃபின்லாந்து முதலிடம் பெற்றது. கருவிகளைக் கூட்டினால் கருவிகளின் கூட்டுத்தொகைதான் கிடைக்கும். அவற்றால் யாருக்கு எது கைகூடியது என்பது கிடைக்காது. இன்றைய தொடர்கோப்பில் அந்தச் சுட்டெண் இல்லை, வேண்டுமானால் பழைய அறிக்கையைத் தேடி எடுக்க வேண்டும்.

வீடுகளில் உள்ள குறைகளை எண்ணும் பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணின் அட்டவணையில் இதைவிட நல்ல அணுகுமுறை இருக்கிறது. அங்கே தொழில்நுட்பம் வீட்டுக்குள்ளிருந்து பார்க்கப்படுகிறது: மின்சாரம் உண்டா, அடுப்பில் எரிவது விறகா, கரியா, சாணமா. வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி, கணினி, மிதிவண்டி, மோட்டார் சைக்கிள், குளிர்பதனப் பெட்டி, விலங்கு இழுக்கும் வண்டி ஆகியவற்றில் ஒன்றுக்கு மேல் இல்லாமல், காரோ லாரியோ இல்லாமல் இருந்தால் அந்த வீட்டுக்கு உடைமையில் குறை. ஒரே வீட்டில் எத்தனை குறைகள் சேர்ந்து விழுகின்றன என்பதையும் இது பிடித்துவிடுகிறது. மனித மேம்பாட்டுச் சுட்டெண்ணிலிருந்து சமத்துவமின்மையைக் கழித்துத் தரும் இன்னொரு சுட்டெண்ணால் அது முடியாது. ஒவ்வொரு துறையையும் தனித்தனியாகக் கழிப்பதால், படிப்பில்லாதவரும் நோயாளியும் ஒரே ஆளா என்று அதற்குத் தெரியாது.

பயன்படுத்தும்போது வழுக்கும் இடங்கள் சில. 2025 அறிக்கையின் எண்கள் 2023ஆம் ஆண்டுக்கானவை. முந்தைய அறிக்கையின் தரவரிசையோடு புதியதை ஒப்பிடக் கூடாது. மூலத் தரவுகள் திருத்தப்படுகின்றன, டாலரின் அடிப்படை ஆண்டும் மாறுகிறது. கால ஒப்பீட்டுக்கு ஒரே வெளியீட்டின் தொடர்கோப்பு மட்டுமே செல்லும். அதில் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனி நெடுவரிசை இருப்பதால், வரைபடம் போடுமுன் அதை நீள்வடிவுக்கு, அதாவது ஒரு நாட்டின் ஓர் ஆண்டுக்கு ஒரு வரிசை என்ற வடிவுக்கு, மாற்றிக்கொள்ளுங்கள். துருக்கி (Türkiye), ஐவரி கோஸ்ட் (Côte d'Ivoire) போன்ற பெயர்களில் எழுத்து உடைந்தால் கோப்பை லத்தீன்-1 என்ற எழுத்துக் குறியேற்றத்தில் திறந்து பாருங்கள். நாடுகளைப் பெயரால் இணைக்காமல் மூன்றெழுத்துக் குறியால் இணைப்பதே பாதுகாப்பு.

பெரிய குறை ஒன்று உண்டு. 2020இல் சேர்த்த புவி அழுத்தச் சுட்டெண், தலா கரியமில வாயு வெளியேற்றத்தையும் மூலப்பொருள் பயன்பாட்டையும் வைத்து மதிப்பெண்ணைக் குறைக்கிறது. நோக்கம் மிக நல்லது. ஆனால் மேல் எல்லையாக வைத்திருப்பது, பதிவான நாடுகளிலேயே மிக மோசமான அளவை. பூமி தாங்கும் அளவு அங்கே அளவுகோலாகவே வரவில்லை. அதனால் நிறையப் புகைவிடும் நாடுகூட அந்த உச்சத்துக்குக் கீழே இருந்தால் ஓரளவு இழப்போடு தப்பிவிடுகிறது. இதைத் திருத்த அலுவலகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கோப்பில் இரண்டு மூல நெடுவரிசைகளும் இருக்கின்றன. மேல் எல்லையின் இடத்தில் நீங்கள் நியாயம் என்று கருதும் எண்ணைப் போட்டு, அதிலிருந்து நாட்டின் அளவைக் கழித்து அதே எல்லையால் வகுத்து, எல்லையைத் தாண்டும் நாட்டுக்குப் பூஜ்யம் என்று வைத்து, இரண்டின் சராசரியால் மனித மேம்பாட்டுச் சுட்டெண்ணைப் பெருக்கிப் பாருங்கள். எல்லையை இறக்க இறக்க, பட்டியலின் மேல்பகுதியில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் முதலில் சரிவார்கள்.