பச்சையா, உலர்ந்ததா: மணியின் தட்டில் ஆறரை வருஷம்

மணிக்கு ஏழு வயது ஆகப்போகிறது. லாப்ரடார் கலப்பு, எடை 22 கிலோ. குட்டியாக வந்ததிலிருந்து இரண்டரை வயதுவரை பையில் வரும் உலர் தீவனம். அடுத்த 26 மாதம் பச்சை இறைச்சி. அதற்குப் பிறகு இன்றுவரை மீண்டும் உலர் தீவனம். நாய் வளர்க்கிற யாரைப் பார்த்தாலும் பேச்சு கடைசியில் "பச்சையா கொடுக்கலாமா?" என்பதில் வந்து நிற்கிறது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவன் இல்லை. ஒரே ஒரு நாயை வைத்துக்கொண்டு நான் பட்டதும் படித்ததும்தான் இது.

முதலில் ஏன் மாறினேன் என்பது. இரண்டரை வயதில் மணி 25.5 கிலோ. விலா எலும்பைத் தடவித் தேட வேண்டியிருந்தது. முடியில் பளபளப்பு இல்லை, கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான், ஒரு நாளைக்கு நான்கு தடவை மலம். அந்த நேரத்தில்தான் பச்சை உணவுக்காரர்களின் எழுத்துகள் கண்ணில் பட்டன. 1993-இல் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் பரப்பிய, எலும்போடு பச்சை இறைச்சி கொடுக்கிற 'பார்ஃப்' முறைதான் இந்த அலைக்கு ஆரம்பம். ஓநாயின் வாரிசுக்கு எதற்கு மாவுச்சத்து என்று கேட்டதும் நான் விழுந்துவிட்டேன். நாய்க்கு மாவைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிடப் பல மடங்கு அதிகம் என்று 2013-லேயே ஆய்வு வந்துவிட்டது. அதை நான் படித்தது ரொம்பப் பின்னால்.

கணக்கு எளிதாகத்தான் தெரிந்தது. 80 பங்கு சதை, 10 பங்கு கடிக்கக்கூடிய எலும்பு, 10 பங்கு உள்ளுறுப்பு. அந்தப் பத்தில் பாதி ஈரல். நாளொன்றுக்கு உடல் எடையில் இரண்டு மூன்று சதவீதம். மணி வந்துசேர வேண்டிய 22 கிலோவுக்கு இரண்டரை சதவீதம் வைத்து 550 கிராம் என்று முடிவு செய்தேன். இதற்காக ஒரு சமையலறைத் தராசு வாங்கினேன். இந்தத் தராசை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, விடுமுறை நாளில், 14 டப்பா நிரப்புவேன். பாதி உறைந்த ஈரலைத்தான் வெட்ட வேண்டும். முழுதும் இளகிவிட்டால் கத்திக்கு நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். விரல் நுனி மரத்துப்போய், தராசின் பித்தான் அமுங்கியதா இல்லையா என்றே தெரியாது. 28 கிராம் ஈரல், 28 கிராம் சிறுநீரகம், 55 கிராம் எலும்பு என்று ஒவ்வொரு டப்பாவுக்கும் எடை போட்டு, மூடி மேல் தேதி எழுதி, ஃப்ரீசரில் அடுக்கி, பலகை, கத்தி, தொட்டி, குழாயின் திருகு வரை கழுவி முடிக்க மூன்று மணி நேரம். மணி மட்டும் அந்த மூன்று மணி நேரமும் கதவு நிலையில் தாடையை வைத்துக்கொண்டு, ஒரு பக்தனைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பலன் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஐந்து மாதத்தில் 22 கிலோவுக்கு வந்தான். முடி மின்னியது (டப்பாவில் மீன் எண்ணெயும் சேர்த்துக்கொண்டிருந்தேன்). மலம் நாளுக்கு ஒரு தடவை, சின்னதாக, கெட்டியாக. மறுநாள் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவதும் குறைந்தது. பச்சை இறைச்சியில் 70 சதவீதத்துக்குப் பக்கம் நீர், உலர் தீவனத்தில் 10 சதவீதம்தான் என்பதால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்த ஆறு மாதம் நான் ஒரு மதம் மாறியவனைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு கணக்கு உறுத்த ஆரம்பித்தது. எலும்பில்லாத சதை 100 கிராமில் கால்சியம் ஏறக்குறைய 10 மில்லிகிராம், பாஸ்பரஸ் 200 மில்லிகிராம். நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. அதாவது எலும்பு குறைந்தால் சதை மட்டும் தின்கிற நாய் தன் எலும்பையே கரைத்துக் கொடுக்கிறது. குட்டிகளுக்கு இதனால் எலும்பு முறிவுவரை வரும். எலும்பு கூடினால் என்ன ஆகும் என்பதை ஒரு வாரம் கண்ணால் பார்த்தேன்: வெள்ளை வெளேரென்ற கல் போன்ற மலம், முதுகை வளைத்து முக்கிக்கொண்டு நிற்கும் நாய். எலும்போடு கணக்கு முடியவில்லை. துத்தநாகம், மாங்கனீஸ், அயோடின், வைட்டமின் ஈ, வைட்டமின் டி ஆகியவற்றை இந்த 80-10-10 தானாகக் கொண்டுவந்து தராது. ஈரல் கூடினால் வைட்டமின் ஏ மிஞ்சும். கழுத்துப் பகுதி இறைச்சியில் தைராய்டுச் சுரப்பி ஒட்டிக்கொண்டு வந்தால் நாயின் ரத்தத்தில் தைராய்டு அளவே ஏறிவிடும். 2013-இல் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டில் தயாரிக்கும் நாய் உணவுக்கான 200 செய்முறைகளை எடுத்து ஆராய்ந்ததில், 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. அவற்றில் பல கால்நடை மருத்துவர்களே எழுதியவை. என் டப்பா அந்த மிச்ச ஐந்து சதவீதத்தில் இருக்கும் என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இந்த முறையில் போகிறவர்கள் கால்நடை ஊட்டச்சத்து நிபுணரிடம் எழுதி வாங்கிய அளவை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும், அல்லது சமச்சீர் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிற தயார்ப் பச்சை உணவை வாங்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை.

பல் உடைந்தது பதினாறாவது மாதம். மாட்டுக் கால் எலும்பு, நடுவில் மஜ்ஜையோடு. பெரிசாக இருந்தால் விழுங்க மாட்டான், பல்லும் சுத்தமாகும் என்று நான்தான் கொடுத்தேன். பக்கத்து அறையில் இருந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, எலும்பு தரையில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் கழித்து ஒரு பக்கமாக மெல்லுவதைப் பார்த்து உதட்டைத் தூக்கினால், மேல் தாடையின் பெரிய கடைவாய்ப்பல்லில் ஓடு போல ஒரு சில்லு பெயர்ந்து நடுவில் சிவப்புப் புள்ளி. நாய்க்கு வெட்டுக்கத்தி மாதிரி வேலை செய்வது அந்தப் பல்தான். அதற்கு மூன்று வேர். மயக்க மருந்து கொடுத்து, பல்லைத் துண்டு போட்டு, வேர் வேராக எடுத்தார்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழாத எதையும் கடிக்கக் கொடுக்காதே என்று டாக்டர் அன்று சொன்னதைத்தான் இன்றும் கடைப்பிடிக்கிறேன். எடை தாங்கும் கால் எலும்பு நாய்க்கு ஆகவே ஆகாது. வேகவைத்த எலும்பு அதைவிட மோசம், சில்லு சில்லாகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

அதற்கப்புறமும் பச்சை உணவை நிறுத்தவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். எலும்பை அரைத்துக் கலந்து தொடர்ந்தேன். நிறுத்தியது அம்மாவால்.

வருடாந்தரப் பரிசோதனைக்கு மணியைக் கூட்டிப் போயிருந்தேன். ரத்தத்தில் யூரியா கொஞ்சம் கூடுதல். பச்சை இறைச்சி கொடுக்கிறேன் என்றதும் டாக்டரம்மா, "அதனாலகூட ஏறியிருக்கும், புரதம் அதிகம்ல. மற்றதெல்லாம் சரியா இருக்கு" என்றார். பேனாவை மூடிவிட்டு, "வீட்ல சின்னக் குழந்தை, வயசானவங்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுறவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். அம்மாவுக்கு முடக்குவாதத்துக்கு அந்த மாத்திரை தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. மணி சாப்பிட்டு முடித்ததும் நேராகப் போய் முகவாயை வைப்பது அம்மாவின் மடியில்தான்.

பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா, லிஸ்டீரியா, கேம்பிலோபேக்டர் போன்ற நோய்க்கிருமிகள் எல்லாம் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. 'நாயின் வயிற்று அமிலம் கொன்றுவிடும், மணிக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்பது என் பதிலாக இருந்தது. நாய்க்கு ஒன்றும் ஆகாமலேயே அதன் மலத்தில் வாரக்கணக்கில் சால்மோனெல்லா வெளியேறும் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. மலம் கழித்துவிட்டு நக்கிக்கொள்கிற வாய், அதே வாயால் கையை நக்குகிறது. ஃப்ரீசர் கொல்லாது, தூங்கவைக்கும். நீரை மட்டும் உறைநிலையில் உறிஞ்சி எடுத்த ஃப்ரீஸ்-ட்ரை உணவும் இந்த விஷயத்தில் பச்சைதான், பாக்கெட்டில் கிருமியைக் கொல்ல உயர் அழுத்தச் சிகிச்சை செய்தது என்று போட்டிருந்தால் ஆபத்து குறைவு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை விற்பனையில் இருந்த 196 பச்சை உணவு மாதிரிகளைச் சோதித்ததில் 15-இல் சால்மோனெல்லா, 32-இல் லிஸ்டீரியா. அந்த நாட்டுக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012-இல் பச்சை இறைச்சிக்கு எதிராகக் கொள்கை அறிவிப்பே வெளியிட்டது.

அன்று இரவு ஃப்ரீசரில் ஒன்பது டப்பா மீதி இருந்தது. எலும்பு கலந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, மற்றதை வேகவைத்தேன்.

உலர் தீவனத்துக்குத் திரும்ப பத்து நாள் எடுத்துக்கொண்டேன், கால் பங்கிலிருந்து ஆரம்பித்து. அதிலும் கண்மூடி நம்ப ஒன்றும் இல்லை. அரைத்த கலவையை நீராவியும் அழுத்தமும் கொடுத்து 100 டிகிரிக்கு மேல் வேகவைத்து, அச்சில் பிதுக்கி வெட்டி, உலர்த்தி, கடைசியில் கொழுப்பும் சுவையூட்டியும் மேலே தெளிக்கிறார்கள். அந்த வெப்பத்தில் கிருமி சாகும், கூடவே லைசின் போன்ற சில சத்துகளும் கொஞ்சம் அடிபடும். வெப்பத்துக்குப் பிறகு தெளிக்கிற கட்டத்தில் கிருமி ஏறிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. 2012-இல் அமெரிக்காவில் உலர் தீவனத்தால் மனிதர்களுக்கே சால்மோனெல்லா பரவியது. 2018-இல் சில உலர் தீவனங்களில் வைட்டமின் டி மிஞ்சியது, 2020 கடைசியில் மக்காச்சோளப் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சினால் நாய்கள் இறந்தன. பையைத் தொட்டால் கை கழுவுவது பச்சைக்கு மட்டுமான சட்டம் இல்லை.

பை வாங்கும்போது முன்பக்கப் படத்தை நான் பார்ப்பதில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில், அமெரிக்காவின் ஆஃப்கோ (தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம்) அல்லது ஐரோப்பாவின் ஃபெடியாஃப் (செல்லப்பிராணித் தீவனத் தயாரிப்பாளர் கூட்டமைப்பு) அளவுகோல்படி முழுமையானது, சமச்சீரானது என்று இருக்கிறதா, அது குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா, இரண்டே விஷயம். பெரிய இனக் குட்டி என்றால் கால்சியத்துக்கு உச்சவரம்பு உண்டு, அதையும் பாருங்கள். புரதத்தை ஒப்பிடும்போது நீரைக் கழித்துவிட வேண்டும். 70 சதவீதம் நீருள்ள பச்சை உணவில் 15 சதவீதம் புரதம் என்றால் உலர் கணக்கில் அது 50. பையில் இருக்கிற 26 சதவீதம், 10 சதவீத நீர் போக, 29 ஆகிறது. தானியமில்லாத வகை எனக்கு வேண்டாம் என்றிருக்கிறேன். பட்டாணி, பருப்பு வகைகளை நிறையப் போட்ட தீவனங்களுக்கும் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்குமா என்று 2018-இல் எழுந்த கேள்விக்கு முடிவான பதில் வரவில்லை.

இப்போது தராசு. திரும்பும்போது மணி மறுபடி குண்டாவான், முடி மங்கும் என்று தயாராகவே இருந்தேன். பழக்கதோஷத்தில் உலர் தீவனத்தையும் தராசில் வைத்தேன். முன்பு நாளுக்கு மூன்று கப் போடுவேன். 300 கிராம் என்று நினைப்பு. அதே கப்பில், அதே மாதிரி கோபுரமாக அள்ளி எடை போட்டால் 385 கிராம்! 100 கிராமுக்கு 370 கலோரி என்று பையில் போட்டிருக்கிறது, ஆக 1,400 கலோரிக்கு மேல். பச்சை உணவு 550 கிராமில் ஏறக்குறைய 950 கலோரிதான் இருந்திருக்கும். பச்சை இறைச்சியின் மகிமை என்று நான் ஊரெல்லாம் சொன்ன எடைக்குறைவு, 450 கலோரி வெட்டினால் எந்த உணவிலும் நடந்திருக்கும். எடையின் முக்கால் அடுக்கை 70-ஆல் பெருக்கி, கருத்தடை செய்த நாய்க்கு 1.6-ஆல் பெருக்குகிற சூத்திரப்படி மணிக்கு 1,140 கலோரி வரும்; சோம்பேறி என்பதால் 260 கிராமில், 960 கலோரியில் நிற்கிறான். இரண்டு வருஷத்துக்கு மேலாக அதே 22 கிலோ. மீன் எண்ணெயை நிறுத்தவில்லை, முடியும் மங்கவில்லை.

48 லாப்ரடார்களை வைத்து ஆயுள் முழுக்க நடத்திய ஓர் ஆய்வு உண்டு, 2002-இல் வெளியானது. ஒரே தீவனம்; பாதி நாய்களுக்கு மட்டும் 25 சதவீதம் குறைவு. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. பச்சையா உலர்ந்ததா என்று இருபத்தாறு மாதம் சண்டை போட்டவன் அதற்கு முன்னால் ஒரு தராசு வாங்கியிருக்கலாம்.

திரும்பி வந்ததில் இழந்ததும் உண்டு. மலம் நாளுக்கு இரண்டு மூன்று தடவை, அளவும் பெரிசு. தண்ணீர் நிறையக் குடிக்கிறான். பல்லில் காரை கூடியிருக்கிறது. சாதாரண உலர் தீவனம் பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் என்பது கதைதான், தினமும் பிரஷ் போடுகிறேன். கிண்ணத்தைப் பார்த்ததும் அந்தப் பழைய துள்ளல் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டு இரண்டு நிமிஷம் ஊறவைத்தால் வாசனை எழுந்து கொஞ்சம் துள்ளுகிறான். பையைப் பிரித்து டின்னில் கொட்டுவதில்லை. பையோடு டின்னுக்குள் வைத்து, ஆறு வாரத்துக்குள் தீர்கிற அளவாக வாங்குகிறேன். இல்லாவிட்டால் மேலே தெளித்த கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும்.

அம்மாவுக்கு இப்போது மடியில் மணியை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆனால் போன மாதம் எடை 22.6 காட்டியது. மூன்று நாள் தராசையே சந்தேகப்பட்டேன். நான்காம் நாள் மத்தியானம் பார்த்தால் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, டின்னிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டிக்கொண்டிருக்கிறார். "ஏண்டா, ரெண்டு உருண்டையில என்ன ஆகிடப் போகுது?" காலையில் எடை போடும்போது 20 கிராமை எடுத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். அது மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் டின் பக்கம் போகிறாரா என்று அடுத்த மாத எடையில்தான் தெரியும்.