3எம் கே1 கண்ணாடி பவுடர்: பட்டி பார்க்க அருமை, ஒட்டுவதற்கு வேண்டாம்

ஃபைபர் படகில் பள்ளம் அடைக்க வாங்கினேன். பார்க்க மாவு மாதிரி இருந்தாலும் ஒவ்வொன்றும் உள்ளே காலியான குட்டிக் கண்ணாடி உருண்டை, கன சென்டிமீட்டருக்கு 0.125 கிராம்தான், தண்ணீரில் எட்டில் ஒரு பங்கு எடை, அதனால் டப்பாவைத் தூக்கினால் காலி டப்பாவோ என்று சந்தேகமே வரும். முதலில் எபாக்சி பசையையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்துவிட்டு அப்புறம் இதைப் போடுங்கள். காய்ந்ததும் உப்புத்தாளுக்கு அப்படியே வழவழவென்று இழைகிறது, கை வலியே இல்லை. செங்குத்தான பக்கத்தில் வழியும், கலவையைக் கெட்டியாக்கும் ஃப்யூம்ட் சிலிகா தூள் கொஞ்சம் சேர்த்தால் சரி. பலம் வேண்டிய மூட்டுகளுக்கு இது ஆகாது, 250 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு) அழுத்தத்துக்கு மேல் உருண்டைகள் நொறுங்க ஆரம்பித்துவிடும். மாஸ்க் கட்டாயம், ஃபேனை அணைத்துவிட்டுத் திறங்கள். அனுப்பிய கடைக்காரர் மூடியை டேப் போட்டு ஒட்டியிருக்கலாம், பார்சல் முழுக்க வெள்ளைத் தூசி.