வாயால் சொல்வதா, தாளில் எழுதுவதா: தொழில் யோசனைக் கூட்டத்துக்கு ஏற்ற முறை எது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல்லுக்கு அருகே இயங்கும் ஒரு மகளிர் சுய உதவிக் குழு, புதிதாக என்ன தொழில் தொடங்கலாம் என்று முடிவு செய்யக் கூட்டிய கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தது. உறுப்பினர்கள் 14 பேர். சேமிப்புப் பணத்தை வரவு வைத்து முடித்ததும், "நமக்கு ஏத்தங்காய் சிப்ஸ் போட்டா என்ன?" என்று குழுவை நடத்தும் ஊக்குநர் தொடங்கி வைத்தார். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். அதன்பின் 40 நிமிடம் பேசியும் தீர்மான நோட்டில் ஏறியவை மூன்றே யோசனைகள்: ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், மரச்சீனி (மரவள்ளி) சிப்ஸ், சக்கை (பலா) சிப்ஸ். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை சிப்ஸ் கடைக்கு என்ன பஞ்சம்?

குறை அந்தப் பெண்களிடம் இல்லை. கூட்டம் நடந்த முறையில் இருக்கிறது. எல்லோரும் கூடி வாய்விட்டு யோசனை சொல்லும் இந்த முறையை நெறிப்படுத்திப் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன். எண்ணிக்கை பெருகட்டும், யாரும் யாரையும் விமர்சிக்கக் கூடாது, விசித்திரமான யோசனையும் வரட்டும், ஒருவர் சொன்னதன்மேல் மற்றவர் கட்டட்டும் என்பவை அவர் வகுத்த நான்கு விதிகள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், கூடிப் பேசிய நால்வர் தந்த யோசனைகளைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் யோசனைகளைக் கூறியது கூறல் நீக்கித் தொகுத்தபோது ஏறத்தாழ இருமடங்கு கிடைத்தது. இதன் காரணத்தை 1987-இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். பிறர் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கத்தையும், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்ற மெத்தனத்தையும் விட, ஒருவர் பேசும்போது மற்றவர் வாயடைத்துக் காத்திருக்க வேண்டியிருப்பதே பெரிய தடை என்பது அவர்கள் கண்டது. தன் முறை வருவதற்குள் யோசனை மறந்துபோகிறது, அல்லது சொல்லத் தகுதியற்றதாகத் தோன்றிவிடுகிறது. நம் குழுக்களில் ஊக்குநர் மீதுள்ள மரியாதையும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

இதற்கு மாற்றாக 1960-களின் இறுதியில் ஜெர்மனியில் பெர்ன்ட் ரோர்பாக் வெளியிட்ட தாள் சுற்று முறையில் பேச்சே கிடையாது. ஆறு பேர் வட்டமாக அமர்ந்து, ஆளுக்கு மூன்று யோசனைகளை ஐந்து நிமிடத்தில் எழுதித் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தருவார்கள். அவர் அதைப் படித்துவிட்டு, அதை வளர்த்தோ புதிதாகவோ இன்னும் மூன்று எழுதுவார். ஆறு சுற்றில், அதாவது 30 நிமிடத்தில், 108 யோசனைகள் வரை சேரும். அவற்றில் பாதி குப்பையாக இருந்தாலும் நமக்கு நட்டமில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைச் செய்து பார்த்தோம். ஆறு பேராக இரண்டு வட்டம். மீதி இருவர் கடிகாரம் பார்த்தார்கள். கல்வியறிவில் தமிழகத்தின் முதல் மாவட்டம் நம்முடையது என்பது 2011 கணக்கெடுப்பு சொல்லும் செய்தி. இருந்தும் பேனாவைக் கையில் எடுத்ததும், "எனக்க எழுத்து கோழி கிண்டுனது போல இருக்கும், மக்களே" என்று ஒரு மூத்த உறுப்பினர் பின்வாங்கினார். இந்த முறையின் உண்மையான பலவீனம் இதுதான். கடிகாரம் பார்த்தவர்களில் ஒருவரை அருகில் அமர்த்தி, அவர் காதில் சொல்வதை எழுதச் செய்தோம். ஒரு சுற்றுக்கு மூன்று யோசனை என்பதையும் இரண்டாகக் குறைத்தோம்.

கூட்டங்களில் வாயே திறக்காத ஓர் உறுப்பினரின் தாளில், 'மட்டிப் பழத்தை உலர்த்திக் குழந்தைகளுக்குப் பொடி' என்று இருந்தது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழைப்பழத்தைக் கைக்குழந்தைக்குக் கொடுப்பது இங்கே புதிதல்ல. வாய்ப்பேச்சாக வந்திருந்தால், குழந்தை உணவுக்கு விதிகள் கடுமை என்ற ஒரே சொல்லில் அது அங்கேயே விழுந்திருக்கும். தாளில் அடுத்தவர் கீழே எழுதியது: 'குழந்தைக்கு வேண்டாம், பிரதமனுக்கு ஆகும்.' பிரதமன் என்பது எங்கள் பக்கத்துப் பாயசம். அதற்கும் கீழே மூன்றாமவர் எழுதியது: 'கல்யாண சமையல்காரருக்கு கிலோ கணக்கில்.' ஒருவர் சொன்னதன்மேல் மற்றவர் கட்ட வேண்டும் என்ற ஆஸ்போர்னின் நான்காம் விதி, அவருடைய வாய்ப்பேச்சு முறையில் நிறைவேறியதைவிட இந்தத் தாளில் நன்றாக நிறைவேறியது என்பேன்.

ஆனால் தாள் சுற்று யோசனைகளைக் குவிக்குமே தவிர, தேர்ந்தெடுத்துத் தராது. அதற்கு, டெல்பெக்கும் வான் டி வென்னும் 1971-இல் முன்வைத்த முறை பொருந்தும்: முதலில் தனியே எழுதுவது, பிறகு வரிசையாக ஆளுக்கு ஒன்று வாசிப்பது, பிறகு விளக்கம் கேட்பது, கடைசியில் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பிட்டு வாக்களிப்பது. நேரம் சற்றுப் பிடிக்கும். கையை உயர்த்தி வாக்களித்தால் மறுபடியும் ஊக்குநரின் கையைப் பார்த்தே மற்றக் கைகள் எழும் என்பதால், தேறிய ஐந்து யோசனைகளுக்கு ஐந்து தேங்காய்ச் சிரட்டைகளை உள்ளறையில் வைத்து, ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்து, ஒருவர் பின் ஒருவராகப் போட்டுவரச் சொன்னோம்.

வாட்ஸ்அப் குழுவில் யோசனை கேட்பதை ஒரு முறையாகவே நான் கருதவில்லை. முதலில் வரும் குரல்பதிவே அங்கு ஊக்குநராகிவிடுகிறது.

வாய்ப்பேச்சை முற்றாக ஒதுக்கவும் மாட்டேன். தேர்ந்த ஒன்றிரண்டு யோசனைகளுக்குப் பழம் எங்கே வாங்குவது, மழைக்காலத்தில் எப்படி உலர்த்துவது, யார் வீட்டு மாடி காலியாக இருக்கிறது என்று பேச வரும்போது, எழுத்து மெதுவாகவும் பேச்சு வேகமாகவும் போகும். எனவே தாளுக்கு 30 நிமிடம், வாசித்து விளக்கம் கேட்க 20 நிமிடம், புளியங்கொட்டைக்குப் பத்து நிமிடம், அதன்பின் வேண்டிய மட்டும் பேச்சு என்பதே நான் இப்போது கடைப்பிடிக்கும் வரிசை.

அன்று மொத்தம் 70 கொட்டைகள். பிரதமன் பொடிக்கு 31, ஏத்தங்காய் சிப்ஸுக்கு 12 விழுந்தன. எண்ணி முடித்து, தீர்மான நோட்டில் பொடியின் பெயரைத் தம் கையால் எழுதியவர் ஊக்குநர்தான். எழுதிய கையோடு, மட்டிக் குலை என்ன விலை போகிறது என்று கேட்டுவர இருவரைச் சந்தைக்கு அனுப்பினார்.