மொத்தச் சரக்கா, தீரத் தீர வாங்குவதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மெடிக்கல் கடை வைத்திருப்பவருக்கு இரண்டு வழி: மாதச் சரக்கை மொத்தமாக வாங்கி அடுக்கலாம், இல்லையேல் தீரத் தீர ஸ்டாக்கிஸ்டுக்கு (மொத்த விநியோகஸ்தருக்கு) வாட்ஸ்அப்பில் ஆர்டர் போடலாம்.

மாத்திரைகளுக்கு என் ஓட்டு மொத்தச் சரக்குக்கே. மூலப்பொருளுக்குச் சீனாவை ரொம்பவே நம்பியிருக்கிறோம். கொரோனாவால் அங்கே ஆலைகள் முடங்க, இங்கே தட்டுப்பாடு வருமோ என்ற பயத்தில் 2020 மார்ச்சில் பாராசிட்டமால் உட்பட 26 மூலப்பொருள்கள், மருந்துகளின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. கடனுக்குக் கிடைக்கிறதே என்று அளவுக்கு மீறி வாங்கினால் காலாவதிதான் மிஞ்சும், அது தனிக்கதை.

இன்சுலின் அப்படியல்ல. திறக்காத இன்சுலின் பேனாவை (பேனா வடிவ ஊசியை) 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். ஃப்ரீசர் ஓரம் ஒட்டி உறைந்துபோனாலும் வீண்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் நிறைய அடுக்கியவர் கதி என்ன? போதாததற்கு, நீரிழிவுக்கான ஊசி மருந்து செமாகுளூடைடும் இப்போது அதே குளிர்ச் சங்கிலியில் (ஆலை முதல் கடை வரை குளிரிலேயே வைக்கும் ஏற்பாட்டில்) இடம் கேட்கிறது. எடை குறைக்க உலகமே அதைத் தேடியதில், 2022இல் அமெரிக்காவிலேயே தட்டுப்பாடு.

ஆகவே குளிர்ச்சரக்கை வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள், ஐப்பசி கார்த்திகையில் இன்னும் குறைவாக. ஐஸ் பேக் இல்லாமல் வெறும் அட்டைப்பெட்டியில் வந்தால், கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.